வளரும் பிள்ளைக்குப் பெரிய டயப்பரா?

தீபாவளிக்குக் கோவை ஒப்பணக்கார வீதியில் துணி எடுக்கிறோம். ஈரோடு ஜவுளிச் சந்தையில் எடுக்கிறோம். எங்கே எடுத்தாலும் குழந்தைத் துணி என்றால் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

"வளர்ற புள்ள. கொஞ்சம் பெருசாவே எடு கண்ணு!"

அது அம்மிச்சியின் குரல்.

நல்ல யோசனைதான். பாவாடையை உள்ளே மடித்துத் தைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து விடுவார்கள். ஒரே பாவாடை மூன்று தீபாவளி காணும். வியர்வை சிந்திச் சம்பாதித்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கனம் வரும்.

இப்போது அந்த யோசனை மருந்துக் கடைக்கும் வந்துவிட்டது. டயப்பர் வாங்கும்போதும், "ஒரு அளவு பெருசாவே குடுங்க. வளர்ற புள்ளைங்க!" என்கிறார்கள்.

இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

சட்டை பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? பார்க்க நன்றாக இராது. அவ்வளவுதான். டயப்பர் பெரிதாக இருந்தால்? அது டயப்பராகவே இராது. தொடையோரம் சந்து விழும். குழந்தை சிறுநீர் கழித்தால் அது உள்ளே தங்காது. சந்து வழியாக வெளியே வரும். தொட்டில் நனையும். தூக்கி வைத்திருப்பவர் மடியும் நனையும்.

"பெருசு வாங்கினா ரொம்ப நேரம் தாங்குமல்லங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய டயப்பரில் உறிஞ்சும் பஞ்சு அதிகம் என்பது உண்மை. ஆனால் நீர் பஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தால் அல்லவா அது உறிஞ்சும்? ஓட்டைக் குடம் பெரிதாக இருந்து என்ன பயன்?

சின்னது இன்னும் மோசம்

பெரியதை வாங்குவது ஒரு தவறு. சின்னதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு தவறு.

பாக்கெட்டில் இன்னும் இருபது மிச்சம் இருக்கிறது. பிள்ளையோ கொழுகொழு என்று வளர்ந்துவிட்டது. "காசு போட்டு வாங்கினது. தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்துப் பிடித்து ஒட்டுகிறார்கள்.

குழந்தையின் தோல் பூப்போன்றது. தொடை மடிப்பில் ரப்பர் அழுந்துகிறது. சிவந்த கோடு விழுகிறது. அந்தக் கோட்டில் ஈரமும் சேர்ந்தால் புண்தான். வயிற்றைப் பிடிப்பதால் பால் குடித்த பிள்ளை நெளிகிறது. மலம் பின்பக்கமாக முதுகு வரை ஏறுகிறது. "வாயு பிடிச்சிருக்கு, ஓம வாட்டர் குடு" என்று வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள்.

டயப்பரை அவிழ்த்துப் பாருங்கள்! அழுகை நின்றாலும் நிற்கும்.

வயது அல்ல, எடை

சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரர், "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்பார். தாயும் மாதத்தைச் சொல்லுவார். இரண்டு பேரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

டயப்பருக்கு வேண்டியது மாதம் அல்ல. கிலோ!

ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள். ஒன்று 2½ கிலோ. இன்னொன்று 3½ கிலோ. ஆறு மாதத்தில் ஒன்று 6 கிலோவாக இருக்கும். மற்றது 8 கிலோவாக இருக்கும். இரண்டுக்கும் "ஆறு மாத டயப்பர்" என்று ஒன்றைக் கொடுத்தால் எப்படி?

பாக்கெட்டின் மீது ஆங்கில எழுத்து இருக்கும். எஸ், எம், எல் என்று போட்டிருப்பார்கள். அந்த எழுத்து தெரியாவிட்டாலும் கவலை இல்லை. பக்கத்திலேயே கிலோ இருக்கும். எண் தெரிந்தால் போதும்.

கடைகளில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் இப்படி இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கான அளவு 5 கிலோ வரை. சிறிய அளவு 4 முதல் 8 கிலோ வரை. நடுத்தரம் 7 முதல் 12 வரை. பெரியது 9 முதல் 14 வரை. அதற்கும் பெரியது 12 முதல் 17 வரை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகவே, வேறு கம்பெனி பாக்கெட் வாங்கும் ஒவ்வொரு தடவையும் கிலோவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஓர் அளவு முடிவதற்கு முன்பே அடுத்த அளவு தொடங்கிவிடுகிறது. 7½ கிலோ பிள்ளைக்குச் சிறியதும் சேரும், நடுத்தரமும் சேரும். எதை வாங்குவது? பிள்ளையின் தொடையைப் பாருங்கள். சதைப் பிடிப்பான தொடை என்றால் நடுத்தரம். ஒல்லிப் பிள்ளை என்றால் சிறியது.

எடை பார்க்க வசதி இல்லையே என்று சொல்ல முடியாது. அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். தடுப்பூசிக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று போகிறோம். அங்கேயும் எடை போட்டு அட்டையில் எழுதித் தருகிறார்கள். அந்த அட்டையைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கடைக்குப் போகும்போது அதில் உள்ள கடைசி எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் ஆள் நிற்கும் எடை மெஷின் இருந்தால் இன்னொரு வழி உண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டுத் தனியாக ஏறி நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிள்ளையின் எடை. கால் கிலோ முன்னே பின்னே இருந்தாலும் டயப்பர் வாங்க அது போதும்.

எவ்வளவு வேகமாக வளர்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 3 கிலோவில் பிறக்கும் பிள்ளை, பொதுவாக ஐந்து மாதத்தில் இரு மடங்காகும். ஓர் ஆண்டில் மூன்று மடங்காகும். அதாவது, முதல் மாதங்களில் ஓட்டம். பிறகுதான் நடை.

ஆகவே பிறந்த குழந்தை அளவில் நாலு பாக்கெட் வாங்கிக் குவிப்பது வீண். அது இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் பயன்படாது. குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் அதையேதான் வாங்கி வருகிறார்கள். அவர்கள் ஒரு அளவு பெரியதாக வாங்கி வந்தால் புண்ணியமாகப் போகும். "வளர்ற புள்ள" என்ற வாதம் அந்த ஓர் இடத்தில் மட்டும் செல்லும்!

திருப்பூர் பெண்கள்

அளவு பார்க்கத் தெரியாத மக்களா நாம்? திருப்பூருக்குப் போய்ப் பாருங்கள்.

ஐரோப்பாவில் பிறக்கப் போகும் குழந்தைக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் சட்டை தயாராகிறது. அந்தச் சட்டையில் 56 என்று போட்டிருக்கும். அடுத்தது 62. அதற்கு அடுத்தது 68. பிறகு 74, 80.

என்ன கணக்கு இது? குழந்தையின் உயரம்! சென்டிமீட்டர் கணக்கு. ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தால் அடுத்த அளவு. தைக்கும் பெண் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும், சோதனை செய்யும் பெண் அதை எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவார்.

ஜெர்மனிப் பிள்ளைக்கு இவ்வளவு அளவு பார்க்கும் கைகள், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடையில் நின்று, "ஏதாச்சும் ஒண்ணு குடுங்க" என்று சொல்லலாமா? நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அளவு வேண்டாமா?

போட்ட பிறகு பாருங்கள்

கிலோ சரியாக இருந்தாலும், போட்ட பிறகு கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இடுப்புக்கும் டயப்பருக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் போக வேண்டும். போகவில்லை என்றால் இறுக்கம். மூன்று நாலு விரல் போனால் தொளதொள.

தொடையோரம் சின்ன சுருக்கு விளிம்பு இருக்கும். அது உள்பக்கம் மடங்கிக் கிடந்தால், எவ்வளவு விலை உயர்ந்த டயப்பரும் ஒழுகும். விரலை விட்டு அதை வெளியே எடுத்து விட வேண்டும். "இந்தக் கம்பெனி மோசம்" என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களில் பலர் இந்த விளிம்பைப் பார்ப்பதே இல்லை.

ஒட்டும் பட்டி இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் டயப்பர் பெரிது. இழுத்தும் எட்டவில்லை என்றால் சிறிது.

பிறந்த குழந்தைக்குத் தொப்புள் கொடி காய்ந்து விழும் வரை, முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்து விடுங்கள். கொடியில் ஈரம் படக் கூடாது.

ஜட்டி மாதிரி மாட்டும் டயப்பரும் உண்டு. தவழும் பிள்ளை, ஓடும் பிள்ளைக்கு அது வசதி. மலம் கழித்திருந்தால் அதைக் காலோடு கீழே இழுக்காதீர்கள். கால் எல்லாம் பூசிக்கொள்ளும். இரண்டு பக்கத் தையலையும் கிழித்தால் துணி போலப் பிரிந்து வரும். கிழிப்பதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பஞ்சு இல்லாத பஞ்சு

நம் ஊர் பஞ்சாலை ஊர். கோவைக்காரர்கள் டயப்பருக்குள் இருப்பது பருத்திப் பஞ்சு என்றே நினைக்கிறார்கள். அல்ல! அது பெரும்பாலும் மரக்கூழ்.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்கக் கோவைக்காரர் ஒருவரே பாடுபட்டிருக்கிறார். அருணாசலம் முருகானந்தம், ஏழைப் பெண்களுக்குக் குறைந்த விலையில் நாப்கின் செய்ய 1998-ம் ஆண்டு வாக்கில் முயன்றார். பருத்தியில் செய்து பார்த்தார். சரியாக வரவில்லை. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது பைன் மரக்கூழ் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு மலிவு விலை எந்திரம் செய்தார். 2016-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

டயப்பரில் மரக்கூழோடு வெள்ளைப் பொடி ஒன்றும் இருக்கிறது. உப்பைப் போல இருக்கும். தண்ணீர் பட்டால் ஊதி, ஜவ்வரிசிக் கஞ்சி போல ஆகிவிடும். குடித்த தண்ணீரை விடாது. அமுக்கினாலும் விடாது. ஈரத்தைப் பிடித்து வைப்பது இந்தப் பொடிதான்.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வெறும் தண்ணீரை அது குடிக்கும் அளவுக்குச் சிறுநீரைக் குடிக்காது. சிறுநீரில் உப்பு இருக்கிறது அல்லவா? உப்பு அதன் பசியைக் குறைத்துவிடும். விளம்பரத்தில் நீல நிறத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவதைப் பார்த்து, "இத்தனை தாங்குமா!" என்று மலைத்துப் போகாதீர்கள்.

இந்தத் தூக்கி எறியும் டயப்பரை உலகமெங்கும் பரப்பியதில் ஒரு தாத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் விக்டர் மில்ஸ் என்ற என்ஜினீயர், பேரப்பிள்ளையின் ஈரத் துணியைத் துவைத்து அலுத்துப் போனாராம். அவருடைய குழுவினர் செய்த டயப்பர் 1961-ம் ஆண்டில் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைத் துணியை வெட்டி, ஈரம் கசியாத மேலுறை தைத்துவிட்டார். தாத்தா ஒரு தடவை துவைத்து அலுத்தார். தாய்மார்கள் காலமெல்லாம் துவைத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோவை அவினாசி ரோட்டில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம் இருக்கிறது. "சிட்ரா" என்றால் மில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1956-ம் ஆண்டில் தொடங்கியது. நூலைச் சோதித்த அந்த இடம், இப்போது மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமாகவும் விளங்குகிறது. குழந்தை டயப்பருக்கென்று இந்தியத் தர விதியும் வந்துவிட்டது. 2021-ம் ஆண்டில் வந்த ஐ.எஸ். 17509 என்பது அது.

தரத்தைச் சோதிக்க எந்திரம் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் தொடைக்குப் பொருந்துகிறதா என்பதை எந்த எந்திரம் சோதிக்கும்? தாயின் இரண்டு விரல்தான் சோதிக்க வேண்டும்.

பாட்டியின் துணி

டயப்பரே வேண்டாம், துணிதான் நல்லது என்பவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நைந்த வேட்டித் துணிக்கு இணையான மெத்தென்ற துணி எந்த நாட்டிலும் இல்லை.

அதில் அளவுத் தகராறும் இல்லை. பிள்ளை வளர வளர, மடிப்பைக் குறைத்தால் போதும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குக் கடையில் உள்ள மிகச் சிறிய டயப்பர்கூடத் தொளதொள என்று இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு எடை ஏறும் வரை துணிதான் சரி என்பது என் கருத்து.

துணியில் இன்னொரு நன்மை உண்டு. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு வாரம் ஆன பிள்ளை, நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை சிறுநீர் கழிக்க வேண்டும். அப்படி என்றால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று பொருள். "பால் பத்தலையோ?" என்று பயப்படும் இளம் தாய்க்கு, கொடியில் காயும் துணிகளே பதில் சொல்லும். டயப்பர் போட்டால் இந்தக் கணக்கு தெரியாது. மூன்று தடவை போனதும் ஒன்றுதான். ஒரு தடவை போனதும் ஒன்றுதான். அளவு பெரிதாகப் போய் ஒழுகிவிட்டாலோ, எவ்வளவு போனது என்று யாருக்குமே தெரியாது!

முதல் மாதத்தில் டயப்பர் போடுகிறவர்கள், ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கையில் எடைபோட்டுப் பாருங்கள். கனமாக இருக்கிறதா என்று பார்த்துக் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். கோடு குறைந்தால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்.

அதற்காக டயப்பரைத் தூற்றவும் கூடாது. மில் ஷிப்டுக்குப் போகும் தாய்க்கும், முதுகு வளையாத அம்மிச்சிக்கும், பழநிக்குப் பஸ்ஸில் போகும் குடும்பத்துக்கும் அது உதவி. வீட்டில் பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்று வைத்துக்கொண்டால், தோலுக்கும் நல்லது. பணத்துக்கும் நல்லது.

சித்திரை வெயிலில் ஈரோடும் கரூரும் கொதிக்கும். அப்போது டயப்பரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள். கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பவுடர் கொட்டாதீர்கள். அந்தத் தூள் பிள்ளையின் மூக்கில் போகும்.

சிவந்து போனால் துத்தநாகம் கலந்த களிம்பு போடலாம். மூன்று நாளில் ஆறவில்லை, மடிப்புகளில் சிவந்து புள்ளி புள்ளியாகப் பரவுகிறது, சீழ் வைக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த களிம்பு வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பல உண்டு. டாக்டர் சொல்லாமல் பிள்ளை மீது அதைத் தடவுவது ஆபத்து.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஐந்து. மாதம் 1,500 ரூபாய்! கூலி வேலை செய்யும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல.

பெரிய மூட்டையாக வாங்கினால் விலை குறைவு என்று விளம்பரம் சொல்லுகிறது. 96 அடங்கிய மூட்டையை வாங்குகிறார்கள். 50 தீருவதற்குள் பிள்ளை அடுத்த அளவுக்குப் போய்விட்டால், மிச்சம் 46 யாருக்கு? அந்த 46-ன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், குறைந்த விலையா அது?

அளவு மாறும் சமயத்தில் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். இரண்டு, மூன்று அடங்கிய பாக்கெட்டுகளும் இருக்கின்றன. சேருகிறதா என்று பார்த்துவிட்டு மூட்டைக்குப் போகலாம்.

கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பல பாக்கெட்டுகளில் சிரிக்கும் குழந்தையின் படம் பெரிதாக இருக்கிறது. ஆங்கில எழுத்து பெரிதாக இருக்கிறது. கிலோ மட்டும் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள்! "4 முதல் 8 கிலோ" என்று தமிழில், தூரத்தில் இருந்தே தெரியும்படி போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியும் சரியான பாக்கெட்டை எடுத்துக்கொள்வார்.

கடைக்காரர்களும் "எத்தனை மாசம்?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை கிலோங்க?" என்று கேட்கட்டும். ஒரு வார்த்தை மாறினால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

பயன்படுத்திய டயப்பரைச் சாக்கடையில் எறிய வேண்டாம். கழிப்பறையில் போட வேண்டாம். உள்ளே இருக்கும் பொடி ஊதி அடைத்துக்கொள்ளும். வயிற்றுப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, ஒட்டும் பட்டியாலேயே ஒட்டி, பழைய காகிதத்தில் சுற்றி, மற்ற குப்பையோடு சேராமல் தனியாகத் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் சொல்லின. காகிதத்தின் மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். வெறுங்கையால் பிரித்துப் பார்க்கும் வேலை அவருக்கு மிச்சமாகும்.